100 வாட்டில் 1,000 வாட் முழக்கம்! பிளைவுட்டில் செய்யும் ‘ஹார்ன்’ பெட்டி

மைக் செட் வாடகைக்கு விடும் தொழிலைத் தமிழர்கள் பிழைக்கப் போன ஊர்களில் எல்லாம் பார்க்கலாம். மும்பை தாராவியில் 90 அடி ரோட்டில் பொங்கல் வைத்தாலும் சரி, பெங்களூரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் சரி, டெல்லியில் தமிழ்ச் சங்கத்து விழா நடந்தாலும் சரி, முதலில் வந்து இறங்குவது ஒலிபெருக்கிதான். இத்தொழிலில் இருப்பவர்களில் பலருக்கு இது முழு நேரப் பிழைப்பு அல்ல. பகலில் ஆபீசிலோ பட்டறையிலோ வேலை. சனி, ஞாயிறுகளில் மைக் செட். சீட்டுப் பணத்தில் ஒரு ஆம்பிளிபையர், போனஸில் இரண்டு பெட்டிகள் என்று சேர்த்தது.

முன்பெல்லாம் மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர் போதும். இப்போது வாடகைக்குக் கேட்க வருகிறவர் எடுத்த எடுப்பிலேயே, “அண்ணே, பேஸ் நல்லா அடிக்குமா?” என்று கேட்கிறார். அடிக்காது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இதற்காகப் பலரும் கடன் வாங்கிப் பெரிய பெரிய ஆம்பிளிபையராக வாங்குகிறார்கள். அந்தக் கடனை அடைப்பதற்குள் இரண்டு திருவிழாக் காலங்கள் ஓடிவிடும்.

ஆம்பிளிபையரை மாற்றாமல் பெட்டியை மாற்றியே முழக்கத்தைக் கூட்டும் வழி ஒன்று உண்டு. அதுதான் ‘ஹார்ன்’ பெட்டி. பிளைவுட், பசை, திருகாணி, பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம். நான்காவது சரக்குதான் கடையில் கிடைப்பதில்லை!

கையைக் குவித்துக் கூப்பிடுவது ஏன்?

தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது வாயருகே இரண்டு கைகளையும் குவிக்கிறோம் அல்லவா? ஹார்னின் தத்துவமும் அதுவே. கைவிசிறியை ஓங்கி வீசினால் காற்றின் பெரும்பகுதி ஓரங்களில் நழுவி ஓடிவிடும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கும் இதே கதிதான். கூம்பு கனமானது, காற்றோ லேசானது. கூம்பு முன்னும் பின்னும் துடித்தாலும் காற்று அதன் பிடிக்குள் சிக்குவதில்லை. சாதாரணப் பெட்டியில் ஆம்பிளிபையர் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. மீதி அத்தனையும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்குவதில் போய்விடுகிறது.

கூம்புக்கு முன்னால் ஒரு குறுகிய தொண்டையை வைத்து, அதை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டே போய்ப் பெரிய வாயில் முடித்தால், காற்று நழுவ முடியாது. கூம்பு தள்ளியதை அப்படியே வாங்கி வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும். சைக்கிளில் கியர் செய்யும் வேலையை இங்கே குழல் செய்கிறது. நன்றாகச் செய்த ஹார்ன் பெட்டியில் நூற்றுக்குப் பத்துப் பங்கும், அதற்கு மேலும் ஒலியாக மாறுகிறது. தலைப்பில் உள்ள கணக்கு இதுதான்: 10 டெசிபல் கூடினால் 10 மடங்கு வாட்டுக்குச் சமம்.

கிராமபோன் பெட்டியின் பூப்போன்ற குழல் இதே வித்தைதான். மின்சாரமே இல்லாமல், ஊசிமுனையின் அதிர்வு கூடம் முழுவதும் கேட்டது அக்குழலால்.

ரெயில்வே என்ஜினீயர் செய்த பெட்டி

கனத்த சுருதிக்கு மட்டும் இந்த வித்தை லேசில் மசியவில்லை. தாழ்ந்த ஒலிக்கு அலை நீளம் மிக அதிகம். பாஸ் கிடாரின் அடித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு. அதன் ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல்! அதற்கேற்ற குழலை நேராகச் செய்தால் வீட்டில் மனிதர் இருக்க இடமிராது.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர். 1904-ல் பிறந்தவர். பிழைப்புக்காகத் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போய், அங்கே ரெயில் என்ஜின்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். பிறகு ஊர் திரும்பி, ஹார்னை மடித்து மடித்து ஒரு பெட்டிக்குள் அடக்கினார். அதோடு நிற்கவில்லை. அறையின் மூலையில் பெட்டியை வைத்து, இரண்டு சுவர்களையும் தரையையும் குழலின் கடைசிப் பகுதியாக்கிக்கொண்டார். 1946-ல் அர்க்கன்ஸா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய தொழிலில் பிறந்த ‘கிளிப்ஷ்ஹார்ன்’, அவர் 2002-ல் காலமான பின்பும் தயாராகி வருகிறது.

சினிமாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1974-ல் வந்த ‘எர்த்க்வேக்’ படத்துக்காகத் தியேட்டர்களில் பெரிய ஹார்ன் பெட்டிகளை வைத்து, பூகம்பக் காட்சியில் இருக்கையை நடுங்க வைத்தார்கள். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில், கூரைச் சாந்து உதிர்ந்து ரசிகர் தலையில் விழாதிருக்க வலை கட்ட வேண்டியதாயிற்று. பிளைவுட்டும் காகிதக் கூம்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கணக்கு முதலில், ரம்பம் பிறகு

ஹார்ன் பெட்டியில் கண்ணளவு உதவாது. கணக்கில் பிசகினால் விலை உயர்ந்த அலமாரிதான் மிஞ்சும். ஆனால் கணக்கு ஒன்றும் பயப்படத்தக்கதல்ல. கூட்டல், பெருக்கல் தெரிந்த குமாஸ்தாவுக்கு ஒரு மாலை நேர வேலை.

40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 344 மீட்டர் செல்கிறது. அதை 40-ஆல் வகுத்தால் அலை நீளம் 8.6 மீட்டர். குழலின் வாயைச் சுற்றி அளந்தால் இந்த 8.6 மீட்டர் வரவேண்டும் என்பது பாடம். அதன்படி வெட்ட வெளியில் தொங்கும் குழலுக்கு ஏறக்குறைய 5.9 சதுர மீட்டர் வாய் தேவை. லாரியில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் பெட்டியைத் தரையில் வைத்தால் பாதி போதும். ஒரு சுவரை ஒட்டி வைத்தால் கால் பங்கு. இரு சுவர் கூடும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.74 சதுர மீட்டர். இதையும் இரண்டு பெட்டிகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 3,700 சதுர சென்டிமீட்டர்தான். இரண்டையும் ஒட்டி அடுக்கினால் இரண்டு வாய்களும் சேர்ந்து ஒரே பெரிய வாயாகிவிடும். வேலை தெரிந்தவர்கள் பெட்டிகளைப் பந்தலுக்கு நாலு பக்கமும் சிதறடிக்காமல் ஓரிடத்தில் குவித்து வைப்பது இதனால்தான்.

அடுத்தது தொண்டை. 12 அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஏறக்குறைய 530 சதுர செ.மீ. பரப்புடையது. தொண்டையை அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 225 சதுர செ.மீ. என்று வைக்கலாம். ரொம்பவும் நெரித்தால் கூம்பு கிழியும்.

இனி விரிவு. 40 ஹெர்ட்ஸுக்கான குழல் 47 சென்டிமீட்டருக்கு ஒரு முறை இரட்டிப்பாக வேண்டும். பெட்டியின் உள் அகலத்தை 50 செ.மீ. என்று கடைசி வரை மாற்றாமல் வைத்துக்கொண்டால், இடைவெளியை மட்டும் கூட்டினால் போதும். தொடக்கத்தில் நாலரை சென்டிமீட்டர் இடைவெளி. 47 செ.மீ. தூரத்தில் 9. ஏறக்குறைய 95-ல் 18. 142-ல் 36. 190-ல் 72. அவ்வளவுதான்! 50-க்கு 72 என்ற வாயின் பரப்பு 3,600 சதுர செ.மீ. கேட்டதற்கு ஏறக்குறையச் சரி. சிறுவர் பள்ளியில் சொல்லும் இரட்டிப்பு வாய்ப்பாட்டில் பெட்டி முடிந்துவிட்டது.

ஸ்பீக்கரின் முதுகுப்புறத்தில் காற்றுப் புகாத ஓர் அறை வேண்டும். தொண்டைப் பரப்பையும் 40 ஹெர்ட்ஸையும் வைத்துக் கணக்கிட்டால் 31 லிட்டர் வருகிறது. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் சொந்தமாக ஒரு விறைப்பு உண்டாகையால், அறை 40 முதல் 50 லிட்டர் வரை இருப்பது நல்லது. இதன் உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில் போல நின்று, முன்புறக் காற்றின் பாரத்துக்கு ஈடு கொடுக்கிறது.

கம்ப்யூட்டர் வசதி உள்ளவர்கள் ‘ஹார்ன்ரெஸ்ப்’ என்ற புரோகிராமைக் காசு கொடுக்காமலே பெறலாம். ஆஸ்திரேலியரான டேவிட் மெக்பீன் உருவாக்கியது. அளவுகளைக் கொடுத்தால் பெட்டி எப்படி ஒலிக்கும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். பிளைவுட்டை அறுக்கும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்தப் பிளை?

நமது நாட்டில் பிளைவுட் பெரும்பாலும் இரண்டு ஊர்ப்புறங்களிலிருந்து வருகிறது. அரியானாவில் யமுனா நகர். அங்கே பாப்ளர் மரம். கேரளத்தில் பெரும்பாவூர், அங்கே ரப்பர் மரம். தாளின் மேல் உள்ள முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். பொது உபயோகப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. தண்ணீருக்குத் தாங்கும் மெரைன் வகைக்கு ஐ.எஸ். 710. மழையில் பந்தலுக்குப் பந்தல் போகும் பெட்டிக்கு மெரைன் நல்லது, விலை அதிகம். ஐ.எஸ். 303-லேயே கொதிநீருக்குத் தாக்குப்பிடிக்கும் ரகம் உண்டு. அதுவே பலருக்குப் போதும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைத் தொடவே வேண்டாம். ஒரு முறை நனைந்தால் அப்பளம்!

கனம் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தாளை இரண்டு பேராகப் பிடித்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே பொள்ளல் இருக்கும் இடம் வேறு சத்தம் கொடுக்கும். அத்தாளைத் தள்ளிவிட வேண்டும். எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று சுமார் 35 கிலோ. மேலே சொன்ன பெட்டிகள் இரண்டுக்கு மூன்று தாள்கள் ஆகும். முடிந்த பெட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 54 செ.மீ. அகலம், 76 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் ஆழம். ஸ்பீக்கரோடு 55 கிலோ. ஆகவே முதல் வேலையாக வீட்டுக் கதவையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே பிறந்து வெளியே வர முடியாத பெட்டிகள் உண்டு!

ஸ்பீக்கருக்கு மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு என்று அந்தந்த ஊருக்கு ஒரு கடைத்தெரு இருக்கவே இருக்கிறது. பெரிய காந்தத்தைக் கண்டு மயங்கக் கூடாது. கூம்பு விறைப்பாகவும், விளிம்பு உறுதியாகவும் இருக்க வேண்டும். அளவுகளை அச்சிட்டுத் தரும் கம்பெனியின் சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அளவுத்தாள் இல்லாத ஸ்பீக்கருக்கு ஹார்ன் கணக்குப் போடுவது, ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்ப்பது போல.

ஆசாரியும் படமும்

அறுக்கும் வேலையை மரக் கடையிலேயே மிஷினில் முடித்துக்கொள்வது மேல். கைரம்பத்தில் 72 செ.மீ. நேர்கோடு வருவது கஷ்டம். ஆசாரியிடம் கொடுப்பதானால் முழு அளவுப் படம் அவசியம். “என்ன தம்பி, அலமாரிக்குள்ள சுவர் மேல சுவரா வைக்கச் சொல்றே?” என்றுதான் அவர் கேட்பார். விளக்கிச் சொன்னால் அவர்தான் மிகச் சரியாகச் செய்வார். ஏனென்றால் காற்றுப் புகாத மூட்டு என்பது அவருடைய வித்தை.

ஒரு பக்கப் பலகையைத் தரையில் கிடத்தி, அதன் மேலேயே குழலின் வழியை முழு அளவில் பென்சிலால் வரைந்துவிட வேண்டும். தூரத்தை வழியின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும்; ஓரத்தில் அளந்தால் ஏமாற்றம். மடிப்புகளில் ஒலி தடுமாறுமே என்ற கவலை இந்தத் தாழ்ந்த சுருதிக்கு வேண்டியதில்லை. அலை பல மீட்டர் நீளம், 36 செ.மீ. வளைவை அது கண்டுகொள்வதில்லை. திருப்பங்களில் சாய்வாக ஒரு துண்டு வைத்தால் போதும்.

வரைந்த கோட்டின் மேல் உள் பலகைகளை நிறுத்தி, வெள்ளைப் பசை தாராளமாகத் தடவி, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி போட வேண்டும். ஆணி அடிப்பது சோம்பேறி வேலை. ஒரு வருஷத்தில் கிறீச்சிடும். பசை ஓரங்களில் பிதுங்கி வழிந்தால்தான் மூட்டு நிறைந்தது என்று அர்த்தம். பசை தடவும் முன் எல்லாப் பலகைகளையும் ஒரு முறை சும்மா பொருத்திப் பார்ப்பது கட்டாயம். அப்போதே ஸ்பீக்கரையும் நுழைத்துப் பார்க்க வேண்டும். பின் அறைக்குக் கழற்றக்கூடிய ஒரு மூடி வேண்டும். அதன் விளிம்பில் ரப்பர் பட்டை. ஸ்பீக்கர் எரிந்துபோனால் பெட்டியை உடைக்காமல் மாற்ற இதுதான் வழி. அகலமான பலகைகளின் குறுக்கே சட்டம் வைத்து இறுக்காவிட்டால் பலகையே மத்தளமாகிவிடும்.

இரண்டாவது பக்கப் பலகையை மூடுவதுதான் கடைசிக் கட்டம். மூடிய பின் மெதுவான ஒலியில் தாழ்ந்த சுருதி ஒன்றை ஓடவிட்டு, பின் அறையின் மூட்டு நெடுகிலும் எரியும் ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை! பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்துவிடலாம்.

ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் குழல் காற்றைப் பிடித்துக்கொள்ளாது. பிடி விட்ட கூம்பு கன்னாபின்னாவென்று ஆடிக் கிழிந்துபோகும். அதனால் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் பில்டர் இல்லாமல் வாடகைக்கு அனுப்பக் கூடாது. மேலே 100, 120-லும் வெட்டிவிட வேண்டும். பாட்டுக்காரர் குரலுக்கு வேறு பெட்டி.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு இரவு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம். வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. பொது இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபல் அதிகம் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்ச வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு உரியது பகலில் 55. ஆகக் கணக்குப் பார்த்தால் 65-தான்! எல்லை மீறும் கருவிகளைப் பறிமுதல் செய்ய வழி செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆசை ஆசையாகச் செய்த பெட்டி போலீஸ் வண்டியில் ஏறிவிட்டால், வாடகையும் போயிற்று, மூலதனமும் போயிற்று. வெளியூரில் மொழி தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நிற்பது வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதிகாரிகள் அளக்கும் மீட்டர் மனிதக் காதைப் போலத் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே மதிக்கிறது. 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 டெசிபல் தள்ளுபடி! மீட்டரில் நல்ல பிள்ளையாகத் தெரியும் பெட்டி, பக்கத்துச் சாலில் தகரத்தையும் தொட்டில் கயிற்றையும் நடுங்க வைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த ஒலி சுவரையும் லட்சியம் செய்வதில்லை. எனவே மீட்டரை நம்பாமல், நாலு வீடு தள்ளிப் போய் நின்று கேட்டுவிட்டு வருவதே சரியான அளவு.

பெட்டிக்கு அருகிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்கிறார்கள் நிபுணர்கள். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஆம்பிளிபையர் மேஜையைப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிப் போடுவதற்கும் காதுக்குப் பஞ்சு அடைப்பான் வாங்குவதற்கும் பெரிய செலவில்லை.

வீட்டில் பாட்டுக் கேட்க மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் அது ஓர் ஆள் படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே ஸ்பீக்கரை 50 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்துக் கேட்டாலே அறை நிறையும். பந்தல், மண்டபம், சங்கத்து மேடை என்று போகிறவர்களுக்குத்தான் ஹார்ன்.

அவர்கள் பெயிண்ட் அடிப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டு, அறுத்த ஓரங்களில் இரண்டு பூச்சு அதிகமாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் புகுவது அங்கேதான். மூலைகளுக்குத் தகரக் காப்பு, அடியில் நாலு சக்கரம், இரு பக்கமும் வலுவான கைப்பிடி. குழலின் வாயில் எலி வலைக் கம்பி அடித்துவிடுவதும் முக்கியம். இரண்டு மாதம் விழா இல்லாமல் மூலையில் கிடக்கும் பெட்டிக்குள் முதலில் குடிவருவது எலிதான். அதற்குக் காகிதக் கூம்பு என்றால் கொள்ளை ஆசை.